காருக்குள் தேங்கிய மழை

அப்பா மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் வாங்கிவந்த பழைய கார் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சில மாதங்களில் அதற்குள் காளான் முளைத்தது. முன்னிருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், மிதியடிக்கு அடியில், வெள்ளையாகச் சின்னதாக. நான் அதைப் பறித்துக்கொண்டுபோய் அம்மாவிடம் சமைக்கலாமா என்று கேட்டேன்.

மழை பெய்யும்போதெல்லாம் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. எங்கள் மலையில் மழை பெய்யாத வாரம் கிடையாது. ஈப்போவில் இருந்த கம்பெனி பணிமனைக்குக் கொண்டுபோனார் அப்பா. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் முன்பலகை முழுவதையும் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் கேட்ட கூலி, தேயிலை ஆலையில் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம்.

"நாலு நாளு வெயில் அடிக்கட்டும். காய வெச்சு வித்துடலாம்" என்றார் அப்பா. அங்கே நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்து நான் பார்த்ததில்லை. திட்டத்தில் இருந்த ஒரே குறை அதுதான்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் தானா ராத்தா டவுனில் ஒரு பாலர் பள்ளியில் வேலை காத்திருந்தது. பள்ளி தொடங்கும் நேரத்துக்குத் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போய்விடும். இரண்டாவது முயற்சியில்தான் அவர் ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தார்.

"காடிய விக்கிறதுன்னா லைசென்ஸையும் சேர்த்து வித்துடுங்க. எனக்கு எதுக்கு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வைக்கவா?" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்றுதான் பேர். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை வாங்கிக்கொண்டு, கம்போங் ராஜாவில் காய்கறி லாரி ஓட்டும் மாமாவுக்கு, அதாவது தன் தம்பிக்கு, போன் போட்டார்.

மாமா கசிவை அடைக்கும் சிலிக்கோன் பசை ஒன்றோடு வந்தார். "லாரியையே பிரிச்சு மாட்டுறவன் நான். இது சோப்பு டப்பா லா" என்று சொல்லி, நான்கு கதவுகளின் ரப்பரிலும் அதைத் தாராளமாகப் பூசினார். மத்தியானம் மழை வந்தது. தண்ணீர் வழக்கம்போல் உள்ளே வந்தது. பின்கதவு ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது.

வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா, "இனிமே தண்ணியும் வெளிய போவாது, ஆளும் வெளிய போவ முடியாது" என்றார்.

மழை விட்டதும் அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மிதியடியை வீசி, விரிப்பைத் தூக்கி, பழைய நாளிதழ்களால் ஈரத்தை ஒற்றி, முடி காயவைக்கும் கருவியால் தரையை உலர்த்தினார். வெறும் தகரத்தின்மேல் முகப்பவுடரைத் தூவினார். பிறகு என்னை டார்ச்சோடு உள்ளே ஏற்றி, கண்ணாடிகளை மூடினார்.

"எங்க மொதல்ல நனையுதுன்னு பாரு. பாத்ததும் கத்து."

அம்மா கைகாட்டிய இடத்தில் மட்டும் மாமா தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். முதலில் கதவின் அடிப்பாகம். பவுடர் அப்படியே இருந்தது. பிறகு கதவின் மேல்பாகம், அதன்பின் கூரை. ஒவ்வொரு முறையும் நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் வந்து, "காடிய கழுவுறீங்களா, புள்ளைய கழுவுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

முன்கண்ணாடியின் அடியில் தண்ணீரைப் பிடித்தபோது, முன்பலகைக்கு உள்ளிருந்து ஒரு சொட்டு என் மூக்கில் விழுந்தது. அடுத்தது பவுடரில் கோடு கிழித்தது. "வருது, வருது" என்று கத்தினேன். வெளியே கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். எனக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்த மாமா தண்ணீரைக் கூட்டினார்.

நான் நனைந்து இறங்கிய பிறகு பானெட்டைத் திறந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் வலையைக் கழற்றி மாமா கையை விட்டார். கறுப்பாக ஒரு பிடி கூழ் வந்தது. அடுத்த பிடியில் மஞ்சள் தெரிந்தது. செவ்வந்தி இதழ்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலிலிருந்து வந்ததும் அம்மா காருக்கும் பூ வைப்பார். வைப்பருக்குப் பக்கத்தில், கண்ணாடியோரமாக. உதிர்ந்த இதழெல்லாம் வலைக்குள் இறங்கி, மழைநீர் வடியும் துளையை அடைத்திருந்தது. போக இடமில்லாத தண்ணீர், காற்று வரும் வழியாகக் காருக்குள் இறங்கியிருக்கிறது.

"அக்கா, நீ வெச்ச பூவையெல்லாம் காடி தின்னுருக்கு. செரிக்காம வயித்தால போவுது" என்றார் மாமா. வேலியோரத்து அத்தை உட்கார்ந்து சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. குடைக்கம்பியால் துளையைக் குத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். அது முன்சக்கரத்தின் பக்கத்தில் தரைக்கு வழிந்தது. மறுபடி பவுடர் தூவி, மறுபடி குழாயைப் பிடிக்கச் சொன்னார். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. மொத்தச் செலவு அந்தச் சிலிக்கோன்தான். அதுவும் வீண்.

அப்பா விற்கும் யோசனையை விட்டுவிட்டார். சமையலறைக் கத்தியை எடுத்துவந்து ஒட்டிய கதவைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மாமா சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சாவியை எடுத்தார். "பாப்பா, ஏறு."

கியா பார்ம் கடைகளைத் தாண்டும்போது ஸ்ட்ராபெரி கேட்டேன். "அப்புறம்" என்றார். கம்போங் ராஜா வரை போனோம். கடைத்தெருவின் முனையில் இருந்த பெட்ரோல் நிலையத்தில் காரைத் திருப்பினார். இறங்கவில்லை, எதுவும் வாங்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினோம். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.

"எங்க போனீங்க?" என்றார் அப்பா.

"சும்மாதான்."

அவ்வளவு தூரம் போயும் ஒரு ஸ்ட்ராபெரிகூட வாங்கித் தரவில்லை என்று நான் அப்பாவிடம் புகார் சொன்னேன். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை அம்மா தோட்டத்தைவிட்டு வெளியே போனதெல்லாம் யாருக்காவது ஏதாவது வாங்க, யாரையாவது பார்க்க, அதுவும் யாராவது கூட்டிப்போனால். காரணமே இல்லாமல் அவர் போய்வந்தது அன்றுதான் முதல் தடவை. அப்போது எனக்கு அது தெரியாது. வீணாய்ப் போய்விட்டு வந்தோம் என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.