மழைநாளில் வைத்த பெயர்

அறுபதுகளின் நடுவில் தாராவியில் எங்கள் குடிசை பள்ளத்தில் இருந்தது. மழை வலுத்தால் சாக்கடையும் வீடும் ஒன்றாகிவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தோல் கிடங்கு, மாதுங்கா ஓட்டல், செம்பூரில் மூட்டை இறக்குவது என்று எதிலும் நிலைத்ததில்லை. மனைவி கர்ப்பமான பிறகுதான் ஓரிடத்தில் இருந்தேன்.

குழந்தை மாதம் நிறையாமல், மழை கொட்டிய ஒரு நடுப்பகலில் பிறந்தது. ரயில் நின்றுவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் பக்கத்து வீட்டு அக்கா பிரசவம் பார்த்தாள். பையன் அழவில்லை. உதடு நீலமாக இருந்தது.

"மூச்சு இழுத்து இழுத்து வருது அண்ணாச்சி," என்றாள் அக்கா. "ஒங்க சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க."

சாகக் கிடக்கும் குழந்தைக்குப் பங்குச் சாமியார் வர முடியாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மாதா கோயில் பக்கம் அதிகம் போகாத எனக்கும் அது தெரியும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீடு முழுக்கத் தண்ணீர், ஆனால் தலையில் ஊற்றத் தகுந்தது குடத்தின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. செம்பில் எடுத்துக்கொண்டேன்.

பேர் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர்தான். காலமான என் அப்பாவின் பேரை ஒரு மணி நேரத்துக்காகச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒரு புனிதர் பேரைச் சொன்னேன்.

"ஏன், ஒங்க அப்பா பேருக்கு என்ன?" என்றாள் மனைவி.

"அடுத்த புள்ளைக்கு வைப்போம்."

"இவன் யாரு, வாடகைப் புள்ளையா?" அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "ஆண்டவரு நமக்கு இவனத்தான் குடுத்திருக்காரு. வச்சிருப்பாரோ கூப்பிடுவாரோ, அது அவரு பாடு. மூத்தவனுக்கு உள்ளதை நாம குடுப்போம். மிச்சம் புடிக்காதிய."

"பிறகென்ன, ஊத்துங்க," என்றாள் அக்கா. "கட்டிலயும் தண்ணி தொடப்போவுது."

அப்பா பேரைச் சொல்லி மூன்று தரம் ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் பையன் அழுதான் என்று எழுத ஆசைதான், அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. அப்பா பேர் உள்ளவனை எப்படி அப்படியே போட்டுவிடுவது? அக்கா அவனைக் காய்ந்த சேலையில் சுற்றி, என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, சட்டைக்குள்ள என்ன, கோழிக்குஞ்சா?"

"ஏலே, எங்க அப்பா," என்றேன்.

பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தப் பேர் அவனுக்குத்தான். இதை அவள் அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தாள், எனக்கு வருஷங்கள் ஆயின. அவள் மட்டும் ஒருநாளும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாதே.

"ஏ பெரியவரே, வெளயாண்டது போதும், சோறு திங்க வாரும்," என்பாள் வாசலில் நின்று.