சத்தம் போன வண்டி

எரிபொருள் கிடைக்கவில்லை என்று என் மச்சானிடம் நான் சொன்னது பொய். கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முகவரிக்கு அவன் வரவழைத்த கேன் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பரணில் பழைய பாய்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி, மரவள்ளி போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறான். சர்க்கரை வியாதியில் அவன் கண்கள் இரண்டும் மங்கிக்கொண்டு வந்தன. வெளிநாட்டில் இருக்கும் அவன் மகன் ஒருமுறை வந்தபோது விட்டுப்போனது ஒரு நைட்ரோ மான்ஸ்டர் டிரக், பெரிய சக்கரம் வைத்த விளையாட்டு வண்டி. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். ரிமோட்டில் ஓடினாலும் உள்ளே இருப்பது நிஜ எஞ்சின். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்ததைக் குடித்துவிட்டுக் கத்தும்.

அதை அவன் காதால் ஓட்டினான். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தலையைச் சற்றுச் சாய்த்து நிற்பான். பனிமூட்டத்துக்குள் வண்டி மறைந்தபிறகும், "இப்ப பலா மரத்துகிட்ட திரும்புது பாருங்க மாமா" என்பான். போய்ப் பார்த்தால் ஈரமண்ணில் தடம் பலா மரத்தடியில்தான் திரும்பியிருக்கும். கண்ணில்லாமல் போகப்போகும் மனிதனுக்குத் தன் நிலத்தின் எல்லை வரை போய்வர அந்தச் சத்தம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நைட்ரோ வண்டியை எலக்ட்ரிக்காக மாற்றும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றிவிட்டது. மலைக்குப் போகும்போதெல்லாம் அந்த இரைச்சலும் புகையும் தலைவலி கொடுத்தன என்பதும் உண்மை. "எண்ணெய் இனிமே வராதாம் மச்சான். பேட்டரிக்கு மாத்திடலாம்" என்றேன். அவன் வண்டியை என் பக்கம் தள்ளினான். "எடுத்துக்கினு போங்க மாமா" என்றான்.

எஞ்சினையும் டேங்கையும் புகைக்குழாயையும் கழற்றினேன். மோட்டாருக்கு அலுமினியத் தகட்டில் இருக்கை அறுத்தேன். பல்சக்கரங்கள் இரண்டும் ரொம்ப இறுக்கிக் கடித்துக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு துண்டுக் காகிதம் விட்டு, இறுக்கியபின் அதை உருவினேன். அழகாக வந்தது. கழற்றிய எஞ்சினுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைத்திருக்க வேண்டும். அதற்கு இனி என்ன வேலை என்று மற்ற பாகங்களோடு அப்படியே டப்பாவில் போட்டேன்.

மலையில் அன்று நல்ல பனி. வண்டியைத் தரையில் விட்டு ரிமோட்டை அவன் கையில் கொடுத்தேன். மோட்டாரின் மெல்லிய முனகல் ஈரப்புல்லில் அமுங்கிப்போனது. அவன் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"எங்க மாமா அது?"

"ஓடிக்கினுதான் இருக்குது மச்சான்."

"ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க."

சற்று நேரத்தில் அது பனிக்குள்ளிருந்து வந்து பின்பக்கமாக அவன் குதிகாலைத் தொட்டது. அவன் துள்ளி விலகினான். ரிமோட்டை அணைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனான்.

எஞ்சின் வண்டிக்குச் சத்தம் நின்றால் உயிர் நின்றது. அவனுக்கு அதுதான் பழக்கம். எலக்ட்ரிக் வண்டியில் முதலில் வண்டியை அணைக்க வேண்டும், பிறகுதான் ரிமோட்டை. நான் சொல்லித்தரவில்லை. ரிமோட் நின்றால் வண்டி தானே நிற்கும்படி அமைக்கவும் மறந்திருந்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டுவிட்டு.

"யாரு?" என்றான். மறுபடி தட்டல். மச்சானின் நாய் குரைக்கவில்லை. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கதவைத் திறந்தேன். ஆள் யாரும் இல்லை. கீழே வண்டி கதவடியில் முட்டி நின்றது. முன்சக்கரங்கள் மட்டும் உதறி உதறி அசைந்தன. சிக்னல் கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத் தொடக் கை வரவில்லை.

"செத்தது வந்து நிக்கிற மாதிரி கீது மாமா," என்றான். அதன்பிறகு அவன் அதைத் தொடவில்லை. வாசலைத் தாண்டிப் போவதும் நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்குள் ஒரு வாசனை வரத் தொடங்கியது. "இன்னாங்க, வெளக்கெண்ணெய யாரோ கருக்குற மாதிரி வாசன வருதே" என்பாள் மனைவி. பரணில் ஏறிப் பார்த்தேன். கேனின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பக்கத்தில் எஞ்சின் இருந்த டப்பா.

கேனையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்.

"தெரியும் மாமா. கேன் வந்துடுச்சுன்னு எனக்கும் மெசேஜ் வந்துது. போனே படிச்சி சொல்லுச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"ஆசப்பட்டுக்கினு இருந்தீங்க. அக்கா காதுல போட்டா அப்புறம் உங்களுக்குச் சோறு கெடைக்காது." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சின் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, பகல் முழுக்க உருட்டி இளக்கினேன். மோட்டாரைக் கழற்றி எஞ்சினையும் டேங்கையும் திரும்பப் பூட்டி, கேனிலிருந்து எண்ணெய் ஊற்றினேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து ஒருவழியாகக் கிளம்பியது. பழைய குரல் இல்லை, கரகரப்பு. ஆனாலும் அவன் எழுந்து வந்தான். ரிமோட்டை வாங்கினான். தலை சாய்ந்தது. வண்டி பனிக்குள் போனது.

கொஞ்ச தூரத்தில் சத்தம் அறுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டி கவிழ்ந்து கிடந்தது, எஞ்சின் மறுபடி இறுகிவிட்டது. சூடு ஆறாத வண்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அவன் அதே இடத்தில், அதே சாய்வில் நின்றிருந்தான். விரல் ரிமோட்டின் விசையை அழுத்தியும் தளர்த்தியும் கொண்டிருந்தது.

"பலா மரத்துகிட்ட திரும்புது மாமா."

இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "மச்சான், எஞ்சின் நின்னுபோச்சு. வண்டி என் கையில இருக்குது."

அவன் கை நீட்டி வண்டியைத் தடவிப் பார்த்தான். சூடு பட்டதும் விரலை எடுத்துக்கொண்டான்.

"இது உங்க கையில இருக்குறது," என்றான். "கொஞ்சம் பேசாம இருங்க. அது திரும்பி வந்துக்கினு இருக்குது."

நானும் தலையைச் சாய்த்து நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் நாய் எழுந்து கட்டிலுக்கடியில் போனது.