டிரஸர் ஜெரார்டின் கொக்கோ காய்ச்சல்

மரப்பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் ஜெரார்ட். பெட்டி நிறைய கொக்கோ விதை, மேலே வாழை இலை. புளிக்காடி வாடை மூக்கைத் துளைக்கிறது. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் பன்னிரண்டு பேரும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு அவசரமில்லை. ஒரு நிமிடம் கழித்துக் கையை வெளியே எடுத்து, "நல்ல காய்ச்சல். கேசு பொழச்சிக்கும்" என்கிறார்.

குரூண் ஊரைத் தாண்டி ஜெராய் மலை அடிவாரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. மேலே தென்னை, அதன் நிழலில் கொக்கோ. இங்கே வருவதற்கு முன் பெடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்து நான்கு வருடம் டிரஸராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கலக்கியதும், ஊசி போட்டதும், யாருக்கு லீவு, யார் வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ததும் இவர்தான். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் காக்கி அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையும் மாறவில்லை. பேச்சும் மாறவில்லை. கறுத்து அழுகிய காய்க்குச் சீக்காளி என்று பெயர். அதை அறுத்துத் தனியாகப் புதைப்பதை "வார்டு மாத்துறது" என்பார். சமையலறை அலமாரியில் சர்க்கரையும் பால்மாவும் பழுப்பு நிற மருந்துப் போத்தல்களில் இருக்கின்றன. சர்க்கரைப் போத்தலில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அளவுக்கு மேல் கொடுக்காதே.'

"மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா சீக்கு. கொக்கோவுக்கு வரலன்னாதான் சீக்கு" என்று பெண்களுக்கு விளக்குகிறார். விதை புளித்து, மூன்றாம் நாள் கையைச் சுடும் அளவுக்குச் சூடேற வேண்டும். இல்லையென்றால் என்ன செய்தாலும் சாக்லேட் மணம் வராது. ஆரம்பத்தில் அந்தச் சூட்டைப் பார்க்கப் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்த்த பழைய தெர்மாமீட்டரையே பெட்டிக்குள் செருகினாராம். நூற்றெட்டு டிகிரியைத் தாண்டியதும் அது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதை அவர் மனைவி லூர்து மேரி ஒளித்து வைத்துவிட்டார்.

மாதம் ஒரு சனிக்கிழமை, யார் வேண்டுமானாலும் இங்கே வந்து, காயை உடைப்பதிலிருந்து சாக்லேட் தின்பது வரை எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம். டவுன் ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். இந்த முறை அவர் வேலை பார்த்த தோட்டத்துக்கே ஆள் அனுப்பியிருந்தார். அங்கும் இப்போது பாதி நிலத்தில் கொக்கோ. "வருசம் பூரா காய் ஒடைக்கிறாங்க. அது என்னாவா ஆவுதுன்னு ஒருத்தி வாயில வச்சுப் பாத்ததில்ல. அது நியாயமா?" என்று என்னிடம் கேட்டார். பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று நானும் அந்த வேனில் தொற்றிக்கொண்டேன்.

இறங்கிய பெண்களை அவர் வரவேற்றது பெயரோடு நோயையும் சேர்த்துச் சொல்லி. "ராக்காயி, முட்டி வலி எப்படி? மாத்திரையக் கோழிக்குப் போட்டுட்டியா?" ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியாக இறங்கிய பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் ஜெரார்ட் எதுவும் கேட்கவில்லை. குனிந்து காலுறையைச் சரி செய்துகொண்டார்.

அந்தப் பெண்தான் பிச்சையம்மாள். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிரேமாவதி, தோட்டத்தில் குடியிருந்துகொண்டே சுங்கைப்பட்டாணி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பெண், விஷயத்தை முன்பே சொல்லியிருந்தாள். "அந்த ஆன்ட்டி வர்றதே பெரிய சங்கதிலா. டிரஸர் அங்கிள்கூட டாக்கிங் இல்ல, பதினாலு வருசமா."

எழுபத்திரண்டாம் வருடம் ஒரு நாள், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கும் நேரத்தில், உடம்பு சரியில்லை என்று பிச்சையம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. "நடிக்காத, வேலைக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார் ஜெரார்ட். வந்திருந்தது மலேரியா, அது விட்டு விட்டு வரும். பத்து மணிக்குள் குளிர் தூக்கிப் போட, பிச்சையம்மாள் ரப்பர் பால்வாளியோடு மர நிரையிலேயே விழுந்துவிட்டார். பத்தொன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் தூக்கி வளர்த்த தங்கைக்கு அந்த நாட்களில்தான் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை. வேலை மும்முரமாக நடந்தது. முன்பே புளித்துக் காய்ந்த விதையை இரும்புச் சட்டியில் வறுத்தார்கள், தோலுரித்தார்கள், அம்மியில் வைத்து முறைபோட்டு அரைத்தார்கள். பொடி மெல்ல மெல்லப் பசையாகி, பசை குழம்பாக ஓடத் தொடங்கியதும் பெண்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பிரேமாவதி விரலில் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அங்கிள், இது காஞ்ச கசாயம்லா."

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும். பொறு."

சர்க்கரையும் பால்மாவும் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, பிறகு தணலை விட்டு இறக்கிக் கிண்டிக்கொண்டே ஆற வைக்க வேண்டும். பதம்தான் சூட்சுமம். சூடு அதிகமாக இருக்கும்போது ஊற்றினால் சாக்லேட் சாம்பல் பூத்துப்போகும், அச்சிலிருந்து வராது. சரியான சூடு உடம்புச் சூட்டைவிடக் குறைவு, தெர்மாமீட்டரில் தெரியாது. அதனால் ஜெரார்ட் கரண்டி நுனியைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருக்க வேண்டும். வைத்துப் பார்த்தார்.

"ஆச்சு."

"ஆவல" என்றது ஒரு குரல். பிச்சையம்மாள். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. பக்கத்தில் வந்து தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். "இன்னும் சூடு இருக்கு."

"நாலு வருசமா செய்யிறேன். எனக்குத் தெரியாதா?" என்று அச்சை இழுத்தார் ஜெரார்ட். அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா பாவுலு பலகாரம் சுடும் பித்தளை அச்சு, குழிக்குக் குழி மீன் வடிவம். நான்கு குழியில் ஊற்றினார். ஐந்தாவதற்குக் கரண்டி போனது, அப்படியே நின்றது. லூர்து மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கரண்டியைத் திருப்பி, பிடியைப் பிச்சையம்மாளிடம் நீட்டினார் ஜெரார்ட். "மீதிய நீ பாரு."

பிச்சையம்மாள் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கால்மணி நேரத்துக்கு மேல் கிண்டினார். மூன்று தடவை உதட்டில் வைத்துப் பார்த்தார். நான்காவது தடவை, "இப்ப ஊத்தலாம்" என்று அவரே மீதி எட்டு மீனையும் ஊற்றினார்.

அச்சைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, கதவுக்குக் காவலாக நின்றார் லூர்து மேரி. அரைமணி கழித்து வெளியே எடுத்து, பலகையில் கவிழ்த்து, ஒரு தட்டுத் தட்டினார். எட்டு மீன் பளபளவென்று துள்ளி விழுந்தன. நான்கு அசையவே இல்லை. கத்தியால் நெம்பினால், சாம்பல் பூத்து, வால் இல்லாமல் வந்தன. முதலில் சிரித்தது ராக்காயி. பிறகு எல்லாரும். ஜெரார்டும்தான்.

சிரிப்பு அடங்கும் வரை இருந்துவிட்டு, வாலில்லாத மீனைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "பிச்சையம்மா, அன்னைக்கும் உன் ஒடம்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

பிச்சையம்மாள் ஒரு மீனை எடுத்துத் தலையைக் கடித்தார். பட்டென்று முறிந்தது. மென்று முடித்துவிட்டுப் பேசினார்.

"எங்க லயத்து வீட்டுக்கு எத்தன வாட்டி ஊசி போட வந்திருப்பீங்க, ஐயா. ஒரு வாட்டி வாசல்ல நின்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"கல்யாணத்தன்னிக்குத் தங்கச்சிக்குத் தலை சீவிவிட ஆளில்லாம பக்கத்து வீட்டுல கூப்பிட்டாங்களாம். அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடந்தேன்." இன்னொரு கடி. "இனிப்பு கம்மி. இன்னும் ஒரு கரண்டி போடலாம்."

"போடுறேன்" என்றார் ஜெரார்ட்.

வேன் ஹாரன் அடித்தது. பெண்கள் ஆளுக்கொரு வறுத்த கொக்கோப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். பிச்சையம்மாளின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை சாக்லேட். கழுவ இடம் தேடிக் கொல்லைப்புறம் போனார், நானும் பின்னால் போனேன். தொட்டியருகே வாளியை எடுக்க அவர் குனிவதற்குள், எங்கிருந்தோ வந்த ஜெரார்ட் குவளையில் தண்ணீர் மொண்டார். பிச்சையம்மாள் கொஞ்சம் தயங்கி, இரண்டு கையையும் நீட்டினார். டிரஸர் தன் வெள்ளைக் காலுறை நனைய, முதுகை வளைத்து, கறை போகும் வரை மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.