வேலியில் விட்ட வழி

எழுமலை தாண்டி மலையடிவாரத்தில் வண்டி பஞ்சர். டிரைவர் டயர் மாற்றும் வரை பக்கத்துத் தென்னந்தோப்பில் நிழலுக்கு ஒதுங்குகிறேன். கம்பிவேலியில் ஒரு லாரி நுழையும் அளவுக்குத் திறப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தோப்புக்காரர் பேச்சியம்மாளிடம் கேட்கிறேன்: "வேலிய யானை பிச்சுப் போட்டுருச்சா?"

"யானை பிக்கலண்ணே. நாங்கதான் பிரிச்சு விட்டோம்," என்கிறார். குரலில் அப்படியொரு மிடுக்கு. "மலைக்கும் கண்மாய்க்கும் நடுவுல எங்க தோப்பு. யானைக தண்ணிக்குப் போறத மறிச்சு வேலி போட்டப்ப, மிதிபட்டு எம்புட்டுத் தென்னங்கன்னு போச்சு தெரியுமா? பெறகுதான் ரெண்டு வரிசைத் தென்னைய எடுத்துட்டு வழி விட்டோம்."

அந்த வழியில், ஈர மண்ணில், முறம் அளவுக்கு யானைக் காலடிகள். கூடவே ஊத்தப்பம் அளவில் ஒரு குட்டியின் தடம். இருபுறமும் இடுப்புயரத் தென்னங்கன்றுகள். ஒரு ஓலைகூட ஒடியவில்லை. படமெடுக்க நெருங்குகிறேன்.

"ஓரமா வாங்கண்ணே, தடத்த மிதிச்சுறாதீக!" பேச்சியம்மாள் கையை நீட்டி மறிக்கிறார். "பக்கத்துத் தோப்புக்காரர வரச் சொல்லிருக்கேன். இதப் பாத்துட்டு அவரும் வேலியப் பிரிக்கிறாரா இல்லையான்னு பாருங்க."