முகம் வந்ததும் பேசு

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ‘நேரலை’ என்று சொல்வேன். பெங்களூரில் ஒரு கம்பெனி. எங்கேயோ நடக்கிற கல்யாணத்தையோ கும்பாபிஷேகத்தையோ வேறெங்கேயோ இருக்கிறவர்களின் ஃபோனில் காட்டுவது எங்கள் பிழைப்பு. ‘நடக்கும்போதே பாருங்கள்’ என்று விளம்பரம் செய்வோம். அது முழு உண்மை இல்லை என்பது அங்கே டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். படத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகிறோம். பார்க்கிறவரின் ஃபோன் சில துண்டுகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும். நிறையச் சேர்த்து வைத்தால் படம் சிக்காமல் ஓடும், ஆனால் அவ்வளவுக்கு அவ்வளவு தாமதமாகும். குறைவாக வைத்தால் தாமதம் குறையும், படம் நின்று நின்று வரும். எங்கள் தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு இடையில் இருப்பது ஒற்றைச் சுவர்தான். அவர் டிவியில் கிரிக்கெட் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் ஃபோனில் பார்ப்பேன். பந்து வீசுகிறவர் என் ஃபோனில் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருப்பார், அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் “அவுட்டு!” என்று பெரியப்பா கத்திவிடுவார். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

“இன்னாடா, உன் கம்பெனி சரக்கு நேத்து வந்த பேப்பராட்டம் கீதே?”

நந்திதுர்க் சுரங்கத்தில் அதை மூடுகிறவரை வேலை செய்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி. பேசினால் பாதி இருமல், மீதி கிண்டல். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் குவைத்தில் நர்ஸ், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். இளையவன் என் வயதுக்காரன், என் நண்பன், என்னோடு தினமும் பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவன்.

பெரியப்பா ஒரு மழைக்கால விடியலில் போய்விட்டார். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்காக உடலை வைத்திருக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது, அவளே ஃபோனில் சொன்னாள்: “வெச்சிருக்காதீங்க. நைனா ஒடம்பு தாங்காது. எடுத்துடுங்க. எனக்கு வீடியோ கால் மட்டும் போடுங்க.”

அவள் கேட்டது வீடியோ கால். அதைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தலைக்கனம். வேலை தெரிந்தவன் என்கிற திமிர்.

“வேணாக்கா, இடுகாடு சயனைடு மேட்டுக்குப் பின்னால கீது, அங்க சிக்னலே நிக்காது. வீடியோ கால்ல மூஞ்சி கட்டம் கட்டமா ஒடையும். நான் நேரலையா போடுறேன். லிங்க் அனுப்புறேன், ஓசூர்ல கீற சொந்தக்காரங்க, சென்னைல கீறவங்க எல்லாரும் பாக்கலாம். கண்ணாடியாட்டம் இருக்கும்.”

“நான் நைனாகிட்ட பேசணுமேடா.”

“பேசுக்கா. தம்பி தன் ஃபோன்ல உனக்கு ஆடியோ கால் போட்டு நைனா காதுல வெப்பான். நீ என் லிங்க்ல பாத்துக்கினே இரு. மூஞ்சி வந்ததும் பேசு.”

இந்தக் கடைசி வார்த்தைகளை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். உடலைக் குழியில் இறக்கிய பிறகு முகத்துத் துணியை விலக்குவார்கள். காரியத்தை முன்னால் நின்று நடத்துகிறவர், ‘முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மூன்று தடவை குரல் கொடுப்பார். பிறகு மூடிவிடுவார்கள். மூடிய துணியை மறுபடி விலக்கக் கூடாது. பிள்ளைகள் மூன்று பிடி மண் போட்டதும் மற்றவர்கள் போடுவார்கள்.

இரண்டு சிம் போட்ட மோடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஃபோனைக் கையில் பிடித்தபடி ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தேன். சிக்னல் போகும் என்று தெரிந்ததால் தாமதத்தைக் கூட்டி வைத்திருந்தேன். ஒரு நிமிஷத்துக்கும் மேல். சுரங்கக் கழிவு மண் குவிந்த அந்த மேட்டைத் தாண்டும்போது மோடத்தில் சிவப்பு விளக்கு வந்தது. ஆனால் பார்க்கிறவர்களுக்குப் படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரியப்பாவின் சாவில் அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். திரையில் கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. ‘கிளியர்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இன்னும் நிமிர்ந்து நடந்தேன்.

குழியில் இறக்கினார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் லைனில் எல்லாக் காரியத்தையும் நடத்துகிற பெரியவர் மேளத்தை நிறுத்தச் சொன்னார். “மூஞ்சி பாக்கறவங்க பாத்துக்குங்க!” என்றார். நண்பன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, “அக்கா, பேசுக்கா,” என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கி அப்பா காதருகில் பிடித்தான்.

ஃபோனில் சத்தமே இல்லை.

“இன்னும் யாராச்சும் கீறீங்களா?” என்றார் பெரியவர். சத்தம் இல்லை. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, “பொண்ணு அழுவுது போல, பேச்சு வரல. மழ கட்டிக்கினு வருது. மூடுப்பா,” என்றார். நண்பன் துணியை மூடிவிட்டு மேலே ஏறினான். இடது கையில் ஃபோன் அப்படியே இருந்தது. வலது கையில் மண்ணை எடுத்தான். முதல் பிடியைப் போட்டான்.

அப்போதுதான் அவன் இடது கையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நைனா, நான்தான். லீவு குடுக்கல நைனா. மூச்சு இனிமே இழுக்காது, நல்லாத் தூங்கு. தம்பிய நான் பாத்துக்கறேன்.”

நண்பன் இரண்டாவது பிடி மண்ணோடு அப்படியே நின்றுவிட்டான். பெரியவர் மெதுவாக, “போடுப்பா,” என்றார். போட்டான். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பாவம், அடக்கி அடக்கி வைத்திருந்து தாமதமாகப் பேசுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். தம்பி காதில் வைத்து நின்றபோது அவள் திரையில் இன்னும் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மூஞ்சி வந்ததும் பேசு என்று நான் சொன்னபடி அவள் காத்திருந்தாள். முகம் வந்தது. பேசினாள். இங்கே மண் விழுந்துவிட்டது.

ஃபோனை நான் ஆடாமல் பிடித்திருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘ரெக்கார்டிங் அனுப்புடா.’ நேரலை முடிந்ததும் முழுப் படமும் எங்கள் சர்வரில் தங்கிவிடும், வேண்டியபோது போட்டுப் பார்க்கலாம். அதில் தாமதம் கிடையாது. எது எப்போது நடந்ததோ அது அந்த வரிசையில் இருக்கும். முகம், மௌனம், துணி, மண், அதற்குப் பிறகு அவள் குரல். அவள் பார்த்தால் புரிந்துவிடும். அதனால் அன்று அனுப்பவில்லை.

அடுத்த வாரம் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்த ஒரு காலையில், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தேன். அவள் குரலைத் தனியாக வெட்டி எடுத்து, தம்பி காதில் ஃபோனைப் பிடித்திருக்கிற இடத்தில் பொருத்தினேன். குரலுக்கு அடியில் மண் விழுந்த சத்தத்தைத் தேய்த்து அழித்தேன். பெரியவர் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்னதையும் எடுத்துவிட்டேன். மண் போடுகிற இடத்தை ஊமையாக்கினேன். பெங்களூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மகள் பேசுகிறாள், அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், பிறகு மூடுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் மறைத்தேன். அதை அவளுக்கு அனுப்பிவிட்டு, சர்வரிலும் என் ஃபோனிலும் இருந்த அசலை அழித்தேன். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதிலுக்கு அவள் ஒரு கும்பிடு அனுப்பினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நண்பனோடு ரயிலில் பேசுவதுகூட எனக்குப் பாரமாகிவிட்டது. அவன் ஒருமுறை, “வீடியோவ அக்கா அடிக்கடி போட்டுப் பாக்குதாம்டா,” என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

அக்கா தை மாதத்தில் லீவில் வந்தாள். வந்த அன்றே அப்பாவைப் புதைத்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“நீ அனுப்பின வீடியோவுல என் கொரலு நைனா மூஞ்சி மேல வருதுடா.”

“ஆமாக்கா.”

“அப்படி நடக்கலியே.”

இழுத்துப் போட்ட நாற்காலியை மறுபடி சுவரோரம் தள்ளினேன். அவளே தொடர்ந்தாள்.

“தம்பி ஃபோன்ல எனக்கு எல்லாம் அப்பவே கேட்டுச்சி. பேசுக்கான்னு அவன் சொன்னான். இங்க பாத்தா மேளம்தான் ஓடுது, மூஞ்சி வரல. நீ சொன்னியேன்னு இருந்தேன். அவரு மூடுப்பான்னாரு. மண்ணு விழுந்திச்சி. அப்போதாண்டா இதுல நைனா மூஞ்சி வருது.”

எத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்! படம்தான் தாமதம், ஆடியோ காலில் இங்கே நடப்பதெல்லாம் அவளுக்கு உடனே கேட்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மண் விழுந்துவிட்டது என்று தெரிந்தேதான் பேசியிருக்கிறாள்.

“தெரிஞ்சுமா பேசுனக்கா?”

“பின்ன, பேசாம வுடுவாங்களா? தம்பி கையி மண்ணு போட்டுச்சி, நான் என் பேச்ச போட்டேன். ரெண்டும் ஒண்ணாதான் உள்ள போச்சி.” ஃபோனை எடுத்து நீட்டினாள். “உன் வீடியோவ தெனம் போட்டுப் பாக்கறேன். எங்கியாச்சும் அந்த மண்ணு சத்தமும் என் கொரலும் ஒண்ணா வருதான்னு பாக்கறேன். வரல. மொதல்ல எடுத்தது கீதுல்ல, அத்த குடுடா.”

“இல்லக்கா. அழிச்சிட்டேன்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“ஏண்டா?”

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிப் பழகிய பதில். அவள் எதிரில் அது வரவில்லை.

“என் தப்பு உனக்குத் தெரியக் கூடாதுன்னுக்கா.”

அக்கா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லாத மாதிரி இருந்தது.

“தப்பு கெடக்குது போடா. என் நைனாகிட்ட நான் நெசமா பேசினத ஏண்டா எடுத்த?”