விளக்குக்கு வைத்த பொட்டு

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியிலிருந்து நானும் மனைவியும் கரியாலூருக்குக் காரில் மலையேறிக்கொண்டிருந்தோம். பதினான்கு வயதுக் கார். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அதில் ஆறு மாதமாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. எரிந்த வாரமெல்லாம் திங்கட்கிழமை பட்டறைக்குப் போவேன். கருவியைச் செருகிப் பார்ப்பார்கள், விளக்கை அணைப்பார்கள், "வண்டி நல்லாத்தாங்க கீது" என்பார்கள். சில நாளில் அது மறுபடி விழித்துக்கொள்ளும். என்னையே முறைப்பதுபோல் இருக்கும். பொறுக்க முடியாமல், மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். நிம்மதி.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் கார் உதறியது. மிதித்தும் இழுக்கவில்லை. இஞ்சின் நின்றது. பிரேக் மிதி கல்லாக இறுகி அழுந்த மறுக்க, வண்டி பின்னால் நழுவியது. பின்னால் வளைவின் விளிம்பு, அதற்கப்பால் பள்ளம். மனைவி என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப்பின் ஓட்டுநர் குதித்து ஓடிவந்து, ஓரத்துக் கல் ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். விளிம்புக்கு இரண்டு சாண் இருக்கையில் கார் நின்றது.

சாவியைத் திருப்பச் சொன்னார். இஞ்சின் நடுங்கியபடி உயிர்த்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வெளக்குக்குப் பொட்டு வச்சிக்கினு வரீங்க?"

பொட்டை உரித்தார். மஞ்சள் துடித்துக்கொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்தே துடித்திருக்கும்.

"சும்மா எரிஞ்சா அப்புறம் பாத்துக்கலாம். இப்டி வெட்டி வெட்டி எரிஞ்சா அங்கயே நிறுத்திடணும்ங்க. எப்பெப்ப எரியும்?"

ஆறு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்... இல்லன்னா சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை இன்னா பண்ணுவீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "பானெட்ட தொறந்து, ஓஸ்ல தண்ணி அடிச்சிக் குளிப்பாட்டி, கற்பூரம் காட்டுவாரு. என்னக்கூட அப்டிக் கவனிச்சது இல்லங்க."

ஓட்டுநர் சிரித்தார். சூடு தணிந்ததும் ஸ்பார்க் பிளக் இருக்கும் குழியைத் திறந்து காட்டினார். அடியில் தண்ணீர். ஈரத்தில் பிளக் பொறி தவறும்; இஞ்சின் உதறும், விளக்கும் எரியும். நேற்றைய பூஜையின் மிச்சம். திங்கட்கிழமைக்குள் அது காய்ந்துவிடும். பட்டறையில் கார் நல்ல பிள்ளையாக நிற்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பொட்டை விரல் நுனியில் ஏந்தி மனைவியிடம் நீட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துணி மட்டும்தான். விளக்கு எரிவதில்லை. ஆனால் வீட்டில் ஒரு முகம் வாடியிருந்தால், ஒன்றுமிருக்காது என்று கடந்துபோகும் என் பழக்கம் அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.