ரோஜாப்பூ ஃபிரேமில் ஒரு வசவு

நான் காரிமங்கலத்தில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து முகங்களையெல்லாம் வெட்டி ஒட்டிப் பழகியவன். அதனால் என் முகத்தையே எவனோ வெட்டி ஒட்டி இன்ஸ்டாகிராமில் போட்டபோது, அவமானத்துக்கு முன்னால் எனக்குத் தொழில் கோபம்தான் வந்தது. அவ்வளவு மட்டமான வேலை.

மொரப்பூர் ஸ்டேஷனில் நானும் என் ஆளும் ஒரே தட்டில் போண்டா தின்றுகொண்டிருந்ததை யாரோ தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். என் ஆள் சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். லீவு நாளில் ரயிலேறி வருவான். வீட்டில் அவனை நண்பன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். படத்தைப் போட்ட போலிக் கணக்குக்காரன் எங்களைச் சுற்றி ஒரு இதயம், அதைச் சுற்றி ரோஜாப்பூ என்று, கல்யாண நாள் வாழ்த்துக்கு வைத்திருக்கும் ஃபிரேமை மாட்டியிருந்தான். கீழே இருந்த வசவை இங்கே எழுத மாட்டேன். அதையும் சிவப்பு ரோஜா மேல் மெரூன் எழுத்தில் பொடிப்பொடியாக அடித்திருந்தான். எங்கள் கடையில் இப்படிச் செய்தால் முதலாளி மவுஸைப் பிடுங்கிக்கொள்வார்.

அந்தப் படம் யார் யார் கையோ மாறி, எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த கூட்டம். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து மாலையில் கூடி ஜெபம் சொல்வோம். அந்தக் குரூப்பில் ரோஜாவும் இதயமும் ரெண்டு முகமும் தெரிந்தால் போதும், கீழே என்ன இருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. ‘வாழ்த்துக்கள்’ என்று வந்தது. கும்பிடும் கைகள் வந்தன. ‘மாதா துணையிருப்பாராக’ என்று வந்தது. என் பெரியம்மா கேக் படமே அனுப்பியிருந்தாள். கடையில் உட்கார்ந்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முழித்தேன்.

கடைசியில் யாரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துத் தொலைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குரூப்பில் சத்தமே இல்லை. வேலையை விட்டுவிட்டு அதையே திறந்து திறந்து பார்த்தேன். ஏனென்றால் அந்த வியாழக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாடகை நாற்காலிக்கும் சொல்லி வைத்திருந்தாள். யாரும் வராமல் போனால், காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் தனியாக முழங்காலில் நிற்பாள். அதை நினைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். ஆபாசமாக எழுதியதற்குப் புகார் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். “ஆனா நீங்க இப்படிங்கிறதுக்காவே கேவலப்படுத்துனான்னு தனியா கேஸ் போட, அதுக்குன்னு ஒரு சட்டம் இல்லீங்களே” என்றார். நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி வருஷக்கணக்காகிறது. எங்களைத் திட்டுவது மட்டும் இன்னும் ஏறக்குறைய ஓசிதான். எரிச்சலை அடக்காமல் இதை அவரிடமே சொன்னேன். அவர் என் போனை வாங்கிக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனவர், வாழ்த்துச் சொல்லிக் கிண்டல் செய்த இத்தனை பேரையும் புகாரில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். பதறிப்போய், அவர்கள் நிஜமாகவே வாழ்த்தியவர்கள், அதில் ஒருத்தி என் பெரியம்மா என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனில் இருந்தாள். அன்பியப் பொறுப்பாளர் பேசுகிறார், ஸ்பீக்கரில் கேட்கிறது. இந்த வாரம் ஜெபத்தை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அக்காவுக்கும் அலைச்சல் மிச்சம் என்று குழைந்து குழைந்து சொன்னார். வாழ்த்துக்கள் என்று முதலில் போட்டதே அந்த மனிதர்தான். அம்மா போனை வைத்தாள். குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“எம் மவனுக்கும் அந்தத் தம்பிக்கும் வாழ்த்து சொன்ன எல்லாத்துக்கும் நன்றிங்க. வியாழக்கெழம ஜெபம் எங்க வூட்டுலதான். அந்தத் தம்பியும் வருது. பாயாசம் வெக்கிறன், வந்துருங்க.”

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “அந்தப் புள்ள வர்ற அன்னிக்கி மட்டும் நீ சட்டைய அயன் பண்ற” என்று சொல்லிவிட்டு முந்திரி உடைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை எல்லாரும் வரவில்லை. ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வந்தார்கள். வாழ்த்தியது தப்பு என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பொறுப்பாளர் வந்து ஜெபப் புத்தகத்திலேயே கண்ணாக இருந்தார். பெரியம்மா என்னைப் பார்த்தும் பார்க்காமலும் உட்கார்ந்தாள். என் ஆள் புதுச்சட்டையில் வேர்த்துக்கொண்டு, செருப்புகள் கிடந்த வாசலோரமாக ஒண்டியிருந்தான்.

மன்றாட்டு நேரம். ஒவ்வொருவரும் ஒரு வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது வழக்கம். மழைக்காக ஒருவர் வேண்டினார், முழங்கால் வலிக்காக ஒருவர். அடுத்து அம்மா, “எம் மவனுக்காவும், அவங்கூட வாழப்போற இந்தப் புள்ளைக்காவும் மன்றாடுவோம்” என்றாள்.

வேண்டுதல் முடிந்தால் தானாகத் திறக்கிற வாய்கள் அவை. பொறுப்பாளர், பெரியம்மா, எல்லாரும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பதிலைச் சொல்லி வருகிற எனக்குத்தான் அன்று குரல் வரவில்லை.